கணிப்பொறிகளுக்கிடையே ஒரு பொது மொழி

இரு வேறு நாட்டார் சந்திக்கும்போது, இருவரும் அறிந்த மூன்றாவது மொழி ஒன்று இருந்துவிட்டால் உரையாடல் தடைப்படுவதில்லை. கணிப்பொறிகளின் விஷயமும் அத்தகையதே. யந்திரத்தின் உறுப்புக்களை நிர்வகித்து நடத்தும் அடிப்படை நிரலை இயங்குதளம் என்கிறோம். ஓர் இயங்குதளத்தில் எழுதி வைத்த கோப்பை மற்றோர் இயங்குதளம் அப்படியே படித்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இத்தடையைக் கடக்க உதவிய சாதனங்களுள் முக்கியமானது ‘கெர்மிட்’.

1981-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இது உருவாயிற்று. அங்கே மாணவர்கள் தங்கள் கோப்புக்களை ‘டெக்சிஸ்டம்-20’ என்னும் பெரிய கணிப்பொறியில் வைத்திருந்தனர். அதில் இடம் போதவில்லை. சி.பி.எம். என்னும் இயங்குதளமுடைய சிறு கணிப்பொறிகளின் வழியே கோப்புக்களைப் பிளாப்பித் தகடுகளுக்கு மாற்றிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங் கணிப்பொறிகளும் அங்கே இருந்தன. இவை மூன்றுக்கும் பொதுவாக ஒரு முறையை ஃபிராங்க் டா குரூஸ், பில் காட்சிங்ஸ் என்னும் இருவர் வகுத்தனர். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கெர்மிட் என்ற தவளைப் பொம்மையின் பெயரை, உரியவர் அனுமதியுடன், அதற்குச் சூட்டினர். விதிமுறைகளை யாவரும் அறிய வெளியிட்டமையால், நூற்றுக்கணக்கான கணிப்பொறி வகைகளுக்குப் பலரும் கெர்மிட் நிரல்களை எழுதினர்.

வேற்றுமைகள் எவை? முதலாவது எழுத்துக் குறியீடு. ஆங்கில ‘ஏ’ என்னும் பெரிய எழுத்துக்கு ஆஸ்கி முறையில் எண் 65, ஐ.பி.எம். பெருங் கணிப்பொறிகளின் எப்சிடிக் முறையிலோ 193. இரண்டாவது வரியின் முடிவு. சி.பி.எம்., டாஸ் ஆகியவற்றில் அதற்கு இரண்டு குறிகள், யூனிக்ஸில் ஒன்றே, பழைய மக்கின்டாஷில் ஒன்றாயினும் அது வேறு குறி. மூன்றாவது கோப்பின் முடிவு. சி.பி.எம். கோப்பின் அளவை 128 பைட்டுக்கள் கொண்ட பகுதிகளாகவே கணக்கிடும். ஆகவே எழுத்து எங்கே முடிகிறது என்பதைத் தனிக் குறி ஒன்றால் காட்டவேண்டும்.

பத்து வகை யந்திரங்கள் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதின் வழக்கத்தையும் கற்பதாயின் நாற்பத்தைந்து இணைகளுக்கு ஏற்பாடு செய்யவேண்டும். கெர்மிட் இதைச் சுருக்கிவிட்டது. அனுப்பும் நிரல் தன் ஊர் வழக்கிலிருந்து பொது வடிவத்துக்கு மாற்றுகிறது. பெறும் நிரல் பொது வடிவத்திலிருந்து தன் வழக்குக்கு மாற்றிக்கொள்கிறது. ஆக, பத்து நிரல்களே போதும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதன் பெருமை எளிதில் விளங்கும்.

செய்தி பயணம் செய்யும் விதமும் சுவையானது. கோப்பு சிறு சிறு சிப்பங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சிப்பத்திலும் அதன் நீளம், வரிசை எண், வகை, உள்ளடக்கம், பிழை காட்டும் கூட்டுத்தொகை ஆகியவை உள்ளன. சரியாக வந்து சேர்ந்தால் பெறுபவர் ஒப்புகை அனுப்புகிறார். பழுதானால் மீண்டும் கேட்கிறார். ஒப்புகையே வழியில் தொலைந்து, அதே சிப்பம் இரண்டாம் முறை வந்தாலும் கேடில்லை. வரிசை எண்ணைக் கண்டு பெறுபவர் அதைத் தள்ளிவிடுகிறார்.

இடையிலுள்ள கருவிகள் சில குறிகளைக் கட்டளை என்று எண்ணி விழுங்கிவிடுவதுண்டு. ஆதலால் கெர்மிட், சிப்பத்தின் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் தவிர, மற்றவற்றை அச்சில் தோன்றும் எழுத்துக்களாகவே அனுப்புகிறது. வரியை முடிக்கும் 13 என்ற குறியுடன் 64-ஐச் சேர்த்தால் 77, அதாவது ‘எம்’ என்ற எழுத்து கிடைக்கும். அதன் முன் ‘#’ குறி இட்டு அனுப்பினால், மறுமுனையில் பழைய குறி மீண்டும் கிடைக்கிறது.

ஆயினும் எல்லாவற்றையும் மாற்றுதல் நன்றன்று. படமோ நிரலோ மாற்றப்பட்டால் கெட்டுவிடும். அவற்றை ‘பைனரி’ முறையில் உள்ளது உள்ளபடி அனுப்பவேண்டும். நம் நாட்டவர் கருதவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1991-இல் வெளியிட்ட இஸ்கி முறையில் தமிழ் முதலிய மொழிகளின் எழுத்துக்கள் 161 முதலான எண்களில் அமைந்துள்ளன. அவற்றைக் காட்ட எட்டாவது பிட் இன்றியமையாதது. ஏழு பிட்டுக்களை மட்டுமே கடத்தும் இணைப்பில் அது உதிர்ந்துபோனால் தமிழெழுத்துக்கள் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகிவிடும். கெர்மிட் அத்தகைய எழுத்தின் முன் ‘&’ குறி இட்டு அந்தப் பிட்டைக் காக்க வல்லது; ஆனால் இணைப்பின் தன்மையை நாம் முதலில் அதற்கு அறிவிக்கவேண்டும். இத்தகைய கோப்புக்களைப் பைனரி முறையில் அனுப்பி, யுனிகோடுக்கு மாற்றுவதைப் பின்னர்த் தனியே செய்வதே பாதுகாப்பு.

பழைய யந்திரத்தில் கெர்மிட் இல்லாவிடில் அதை எவ்வாறு உள்ளே கொண்டுசெல்வது? முன்னோர் இதற்கும் வழி கண்டனர். டாஸ் கெர்மிட்டை அச்செழுத்துக்களாக மாற்றி வெளியிட்டு, அதை மீட்டெடுக்கும் சிறு நிரலைப் பேசிக் மொழியில் தந்தனர். அச்சிறு நிரலைக் கையாலேயே தட்டெழுதிவிடலாம். பிறகு, ஒரு கணிப்பொறியின் அனுப்பும் கம்பி மற்றதன் பெறும் கம்பியுடன் சேருமாறு தொடர்வரிசை இணைப்புக் கம்பியைப் பூட்டி, இருபுறமும் ஒரே வேகத்தை அமைத்தால் வேலை தொடங்கும். புதிய கணிப்பொறியில் அத்தகைய துளை இல்லையாயின் யு.எஸ்.பி. மாற்றி உதவும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெர்மிட் திட்டம் 2011-இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே சி-கெர்மிட் என்னும் நிரல் யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிய வகையில் வெளியிடப்பட்டது. இன்றைய லினக்ஸ் யந்திரங்களிலும் அது இயங்குகிறது. எனவே வழி அடைபடவில்லை. அடைபடக்கூடியது வேறொன்று. பிளாப்பித் தகடுகளின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிந்து வருகிறது. அவற்றைப் படிக்கும் யந்திரங்களும் குறைந்துகொண்டே போகின்றன. ஒருவரது ஆராய்ச்சியோ, ஓர் அலுவலகத்தின் கலைச்சொற் பட்டியலோ அத்தகடுகளில் மட்டுமே இருக்கலாம். யந்திரம் இயங்கும் காலத்திலேயே அவற்றை வெளிக்கொணர்தல் அறிவுடைமையாகும்.