நிலம் என்கிற பிரதி

கோல்ஃப் என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுளிக்கும். நியாயந்தான். வேலி, காவலாளி, ஊர்த் தண்ணீரை உறிஞ்சும் பச்சை. ஆனால் பில் கூரும் பென் கிரென்ஷாவும் 1980களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கிய மைதான வடிவமைப்பு நிறுவனத்தை அப்படித் தாண்டிப்போய்விட முடியவில்லை.

அவர்கள் வந்த காலத்தில் இந்தத் தொழிலே புல்டோசரின் எழுத்து. லாஸ் வேகாஸ் பாலைவனத்தில் குன்று, ஓடை, மரக்கூட்டம் எல்லாவற்றையும் செய்து வைத்த ஷேடோ க்ரீக் அந்தப் பத்தாண்டின் முடிவில் வந்ததுதான். நிலம் வெற்றுத்தாள், வடிவமைப்பாளன் ஆசிரியன், அவன் கையெழுத்துக்குத்தான் காசு.

இவர்கள் நெப்ராஸ்காவில் புல் மூடிய மணற்குன்றுகளுக்கிடையே நடந்து நடந்து, ஆடத் தோதான தடங்கள் நூற்று முப்பதுக்கு மேல் குறித்தார்கள். தேவையோ 18. மீதியைக் கழிப்பதுதான் வேலை. 1995இல் திறந்த அந்த சாண்ட் ஹில்ஸ் மைதானத்தில் மண்ணைப் புரட்டியது சொற்பம். ஆட்டக்காரரைத் தடுக்கும் மணற்பள்ளங்களில் பலவும் காற்று தோண்டி வைத்தவை. எழுதியது காற்று, இவர்கள் வாசகர்கள்.

சரி, காற்று மட்டுமா எழுதியது? லகோட்டா, பாவ்னீ மக்கள் எருமை வேட்டையாடிய பூமி அது. 1904ஆம் ஆண்டின் கிங்கெய்டு சட்டம் அதையெல்லாம் ஆளுக்கு 640 ஏக்கர் என்று குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. ‘கைபடாத இயற்கை’ன்னு சொல்லும்போது இந்த எழுத்தெல்லாம் அழிந்துபோகிறது. போதாக்குறைக்கு அது அங்கத்தினர்க்கு மட்டுமான கிளப். அடக்கமான வாசிப்பும் உடைமையைத் தொடுவதில்லை.

ஆகவே எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களது இன்னொரு வேலை. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானம் டொனால்ட் ராஸ் வடிவமைத்தது. அவர் 1948இல் இறந்தபின் ஓரமெல்லாம் அடர்ந்த பச்சைப் புல்லாக்கிவிட்டார்கள். 2010-11இல் இவ்விருவரும் 1943ஆம் ஆண்டின் வான்வழிப் படங்களைப் பார்த்துப் பார்த்து, முப்பது ஏக்கருக்கும் மேலான அந்தப் புல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். மணலும் காட்டுப்புல்லும் திரும்பின. நீர் தெளிக்கும் குழாய்முனைகள் சுமார் 1150இலிருந்து 450 ஆயின. இங்கே வாசிப்பு வெறும் ரசனை இல்லை, தண்ணீர்க் கணக்கு.

2014 ஜூனில் ஆண்கள், பெண்கள் இரு அமெரிக்க ஓப்பன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் சிலர், ‘என்ன இது, காய்ந்து கிடக்கிறதே’ என்று முணுமுணுத்தார்கள்.