வீட்டு வளவில் நீர்த் தடாகம் அமைத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே நிலத்தினுள் இறங்கி, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, ஆண்டு முழுவதும் நம் கிணறுகளுக்கு நீராகின்றது. இத்தகைய இடத்தில் வீட்டுத் தோட்டத்துக்குத் தடாகம் வேண்டுமோ எனக் கமக்காரர் சிலர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. கிணற்று நீரை இறைத்து வெயிலிற் காயவிடும் தடாகம் வேண்டியதில்லை. மாரியிற் கூரைநீரால் நிரம்பி, கோடையிற் சுருங்கவும் அறிந்த தடாகமே நமக்கு உகந்தது.

முதலிற் கணக்கைப் பார்த்தல் நன்று. 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள தடாகம் ஏறக்குறைய 3,400 லீற்றர் நீர் கொள்ளும். 500 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால், சிந்துவது போக 1,000 லீற்றர் அளவில் பீலி வழியே சேரும். ஆகவே நிரப்புதல் கடினமன்று. காத்தலே கடினம். சோளகக் காற்று வீசும் நாட்களில் நாளொன்றுக்குக் கால் அங்குல நீர் ஆவியாகக்கூடும். இத்தடாகத்தில் அது 35 லீற்றராகும். மூன்று மாதம் இவ்வாறு சென்றால் இரண்டடி நீரும் போய்விடும்.

இதனாற் தடாகத்தை மார்கழியை மனத்திற்கொண்டு அமைத்தலாகாது. ஆவணியை மனத்திற்கொண்டு அமைக்கவேண்டும். ஒரு முனையில் 3 அடிச் சதுரமான குழியொன்றை, மொத்த ஆழம் மூன்றரை அடியாகுமாறு தோண்டுக. நீர் வற்றும்போது மீன்கள் அதனுட் சென்று பிழைக்கும். அக்குழிக்கு மட்டும் இரண்டொரு வாளி கிணற்று நீர் விட்டால் போதுமானது. நம் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது. அதனையே ஓயாது நிரப்பிவரின் கரையில் வெண்படலம் படியும்.

இடம் தெரிதலில் மரநிழல் நம்மை ஏமாற்றும். வேம்பு, மா முதலியவற்றின் கீழ் இலை விழுந்து அழுகும். வேர் சுவரைப் பிளக்கும். அல்லி பூப்பதற்கும் நாளில் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். கிணற்றிலிருந்து இயன்ற அளவு விலகியும், பாத்திகளைவிடச் சற்று உயர்ந்தும் இருக்கும் இடமே சிறந்தது. அவ்வாறாயின் இறப்பர்க் குழாய் ஒன்றினால் நீரைக் கத்தரிக்கும் கீரைக்கும் இறக்கிவிடலாம். மீன்கழிவு கலந்த நீர் பயிருக்கு நல்லது. ஆயினும் அந்நீர் கிணற்றுக்கு ஆகாது. செம்மண்ணும் வெடிப்புள்ள பாறையும் எதனையும் விரைவிற் கீழே விடுவன. எனவே தடாகத்தில் உரமோ பூச்சிநாசினியோ கலத்தலும் தாராக்களை அடைத்தலும் கூடாது.

இச்செம்மண் நீரைத் தாங்காது. அடித்தளத்தை நன்கு இறுக்கி, சீமெந்து 1, மணல் 2, சல்லி 4 என்ற விகிதத்தில் நான்கு அங்குலக் கொங்கிறீற்று இட்டு, அதனுள்ளே கம்பிவலை பதித்தல் வேண்டும். ஏழு நாட்களேனும் ஈரம் உலராது காக்க. இவ்விடத்தில் எமது பிழையொன்றையும் கூறல் தகும். பணியேற்ற முதல் ஆண்டில், சாந்து பூசிய மூன்றாம் நாளே மீன் விடுமாறு ஒரு வீட்டாருக்கு யாமே சொன்னோம். மறுநாட் காலை மீன்கள் யாவும் மிதந்தன. புதுச் சீமெந்தின் காரம் நீரிற் கரைந்தமையே காரணம். நீரை ஒரு வாரம் நிறுத்தி வெளியேற்றுக. இவ்வாறு மும்முறை செய்த பின்னரே மீன் விடுக. வாழைத்தண்டுத் துண்டுகளை அந்நீரில் ஊறவிடும் வழக்கமும் உண்டு.

மீன் விடுதல் அழகுக்காக மட்டுமன்று. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். 2016 இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்ற பின்னரும், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. பத்துப் பதினைந்து கப்பி மீன்கள் நுளம்புக் குடம்பிகளைத் தின்றுவிடும். அவற்றுக்குச் சோறும் மாவும் அள்ளியிடலாகாது. பசித்த மீனே குடம்பியை நாடும். அவற்றைக் குளங்களிலோ வாய்க்கால்களிலோ விடுதலும் தகாது.

அல்லியை வளமான களிமண் நிரப்பிய சட்டியில் நடுக. இலைகள் நீர்ப்பரப்பிற் பாதியை மூடினால் நீர் குளிர்ந்திருக்கும், பாசியும் குறையும். ஆகாயத்தாமரையை ஒருபோதும் விடவேண்டாம். அதனைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது.

வீட்டிற் சிறு குழந்தை இருப்பின் இவை யாவற்றுக்கும் முன்னர் வேலியை எண்ணுக. சில அங்குல நீரிலும் குழந்தை மூழ்கி இறத்தல் கூடும். அப்போது சத்தமும் எழாது. கிணற்றுக்குக் கட்டுக் கட்டும் நாம் தடாகத்தின் விளிம்பை அழகுக்காக நிலமட்டத்தில் விடுகிறோம். மூன்றடி உயரத்திற்குக் குறையாத வேலியும், குழந்தை திறக்கவியலாத படலையும் வேண்டும். குழிக்கு மேலே இரும்பு வலைச்சட்டம் பொருத்துக. இதற்குப் பணம் போதாதெனின், குழந்தை வளரும்வரை தடாகத்தை ஒத்திவைத்தலே முறை.

தடாகம் ஒழுகுகின்றதோ என ஐயுறுவோர், ஒரு வாளியில் நீர் நிரப்பித் தடாகத்தருகே வெயிலில் வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்க. மறுநாள் தடாகநீர் வாளிநீரைவிட மிகுதியாக இறங்கியிருப்பின் வெடிப்பு உண்டு. மாரி தொடங்குமுன், நீர் குறைந்திருக்கும் புரட்டாதியில் அதனைத் தேடி அடைத்தல் எளிது. அப்போது அள்ளும் சேற்றை வாழையடியில் இடுக.