மாதிரி விமானத்திற்கு மூச்சுக் கொடுத்தல்

புதிய விமானம் ஒன்று வானில் ஏறுமுன், அதன் சிறிய உருவத்தைச் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்வர் என்பதை நம்மிற் பலர் அறிவோம். ரைட் சகோதரர்கள் 1901ஆம் ஆண்டில், ஆறு அடி நீளமுள்ள மரப்பெட்டியினுள் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறு இறக்கைகளைச் சோதித்தனர், 1903இல் வானேறினர். ஆயினும், இயந்திரத்தின் காற்றோட்டம் இறக்கையை எவ்வாறு தாக்கும் என்பதை அப்பெட்டி காட்டாது. இன்றைய விமானத்திற்கு அதனை அறிந்தே ஆகவேண்டும்.

ஜெட் இயந்திரம் முன்வாயிலாற் காற்றை உள்ளிழுத்துப் பின்புறம் பெருவேகத்துடன் தள்ளுகின்றது. ஊதிய பலூனை வாய்கட்டாமல் விட்டால் அது முன்னே பாய்வதை நாம் கண்டிருக்கின்றோம் அன்றோ? அதுவே உந்துவிசை. இயந்திரங்கள் இறக்கையின் கீழே தொங்குவதால், அவை கக்கும் காற்று இறக்கையைச் சூழ்ந்த காற்றையும் மாற்றிவிடுகின்றது. தரையிறங்கியபின் வேகத்தைத் தணிக்க அக்காற்றை முன்னோக்கித் திருப்புவர். அதனை இயந்திரமே மீண்டும் விழுங்கிவிட்டால் அதன் ஓட்டம் தடுமாறக்கூடும். இயந்திரம் ஓடாத மாதிரி, இவற்றைக் கூறாது.

எளிய வழி, இருமுனையும் திறந்த குழாயை இயந்திரமாகப் பொருத்துவது. காற்று அதனூடே செல்லும்; உந்துவிசைதான் இராது. முன்வாயை அடைத்துப் பின்புறம் அழுத்தக்காற்றை ஊதுவது மற்றொரு வழி. இதில் உந்துவிசை உண்டு; உள்ளிழுக்கும் வாய் இல்லை. இரண்டையும் ஓரளவு நிறைவு செய்வது சிறிய சுழலி. வெளியிலிருந்து குழாய்வழி வரும் அழுத்தக்காற்று அச்சுழலியைச் சுற்ற, அதே அச்சிலுள்ள விசிறி முன்னிருந்து காற்றை இழுத்துத் தள்ளும். நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுகள்! சுழலியைச் சுற்றிய காற்றும் பின்வழியே வெளியேறுவதால், உள்ளே புகும் காற்று, வெளிவருவதினும் சற்றுக் குறைவே. இக்குறையை அறிந்தே பொறியாளர் கணக்கிடுகின்றனர்.

மற்றொரு தொல்லை குளிர். மிதிவண்டிச் சக்கரத்திலிருந்து காற்றை விடும்போது அது விரலிற் குளிர்ச்சியாய்ப் படுவதைப் பிள்ளைகள் அறிவர். அதுபோல், சுழலியில் விரியும் காற்றும் மிகக் குளிர்ந்து பனிக்கட்டி படியச் செய்யும். ஆகவே காற்றை முன்னரே உலர்த்திச் சூடாக்கி அனுப்புவர்.

அனைத்தினும் கடினமானது நிறுத்தலே எனலாம். மாதிரி, நுட்பமான விசைத்தராசு ஒன்றின்மேல் நிற்கின்றது. அழுத்தக்காற்றுக் குழாயோ விறைத்து, மாதிரியைத் தள்ளப் பார்க்கும். நிறுக்கும் பொருளை ஒருவர் கையால் தாங்கிக்கொண்டிருந்தால் தராசு மெய் கூறுமோ? ஆதலின், துருத்திபோல் மடிப்புள்ள குழாய்களை இணைத்து அத்தள்ளலைக் குறைக்கின்றனர்; எஞ்சியதைச் சுரங்கத்திற் காற்றோட்டம் இல்லாதபோதே அளந்து, பின்னர்க் கழிக்கின்றனர்.

தராசு காட்டுவது உந்துவிசையும் காற்றின் இழுவையும் கலந்த விசையே. ஆதலால் சிறு இயந்திரத்தைத் தனியறையில் வைத்து அதன் உந்துவிசையை முன்னரே அளப்பர். அவ்வளவையிற் சிறுபிழை நேரினும், அது முழுதும் இழுவைக் கணக்கில் வந்து விழும். விமானம் எரிக்கும் எண்ணெயின் கணக்கும் அதனோடு பிழைபடும்.

ஹாலந்தின் மார்க்னெஸ்ஸே என்னுமிடத்தில், ஜெர்மனியும் ஹாலந்தும் கூட்டாக அமைத்த பெருஞ்சுரங்கம் 1980 முதல் இத்தகைய சோதனைகளுக்குப் பயன்படுகின்றது. அதன் மிகப்பெரிய சோதனைக்கூடம் 9.5 மீட்டர் அகலமும் அதே உயரமும் உடையது. நம் வகுப்பறை ஒன்று அதனுள் அடங்கிவிடும்.