அருகில் இருக்கும் அதிசயங்கள்

'உள்ளூர் மாடு விலை போகாது' என்பது பழமொழி. சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பறந்து விடுகிறது. சுவாமிமலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்தில், நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதை நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறோம்? கடல் கடந்து வருபவர்கள் நின்று நிதானமாகப் பார்த்துச் செல்லும் பொருள்களை, நாம் நாள்தோறும் கடந்து போய்க் கொண்டிருக்கிறோம்.

இக்குறையைப் போக்க, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் வரலாற்று ஆசிரியை சிஸ்டர் அவர்களின் துணையோடு, சுவாமிமலையில் தொடங்கிக் கும்பகோணம் வரையில் ஒரு நாள் பயணம் மேற்கொண்டோம். தொலைவு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்தான். சிஸ்டர் எங்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். கோபுரத்தின் உயரத்தையும் மன்னர்களின் பட்டியலையும் எழுதக் கூடாது. அவை பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பலரும் கவனியாத, 'இதென்ன வேடிக்கை!' என்று நம்மை நிற்கச் செய்யும் சிறு பொருள்களை மட்டுமே குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவ்வாறு நாங்கள் எழுதியவற்றைத் தொகுத்து இங்கே தருகிறோம்.

அறுபது படிகளில் ஒரு காலக் கணக்கு

சுவாமிமலை என்ற பெயரில் மலை இருக்கிறது. ஊரில் மலை இல்லை! நெல் விளையும் சமவெளியான இங்கே மலை ஏது? மனிதர்களே மேடாகக் கட்டி எழுப்பிய 'கட்டுமலை' இது. முருகனின் அறுபடை வீடுகளுள் நான்காவதான இக்கோயிலில், தந்தைக்கு மகனே பிரணவத்தின் பொருளை உபதேசித்தான் என்பது புராணம். அதனாலேயே அவனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர். கட்டிட அமைப்பும் இக்கதையைச் சொல்கிறது. மகனின் சந்நிதி மேலே இருக்கிறது. தந்தையாகிய சுந்தரேசுவரரின் சந்நிதி கீழே இருக்கிறது.

மேலே ஏறுவதற்கு அறுபது படிகள் உண்டு. ஏன் அறுபது? தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. படிக்கு ஓர் ஆண்டாக அவற்றின் பெயர்களே இப்படிகளுக்குச் சூட்டப்பட்டுள்ளன. பலரும் மூச்சு வாங்க ஏறிப் போகிறார்களே தவிர, தாங்கள் ஒரு காலச் சக்கரத்தின் மீது நடப்பதை எண்ணுவதில்லை.

இதில் ஒரு கணக்கும் அடங்கியிருக்கிறது. வியாழன் கோள் சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள். 12-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? அறுபது! வியாழன் ஐந்து முறையும் சனி இரண்டு முறையும் சுற்றி முடித்து, இரண்டும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பும் காலம் அது. அண்மைச் சுழற்சியின் முதலாண்டான பிரபவ 1987-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்தது. மறுபடியும் பிரபவ வருவது 2047-இல். ஆகவே பிரபவ ஆண்டில் பிறந்தவருக்கு அவருடைய ஆண்டுப் பெயர் மீண்டும் வரும்போது வயது அறுபது நிறைந்திருக்கும். வீடுகளில் அறுபதாம் கலியாணம் கொண்டாடுவதன் காரணமும் இதுவே. நீங்களும் அடுத்த முறை செல்லும்போது, நீங்கள் பிறந்த ஆண்டுக்குரிய படி எத்தனையாவது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு புதுமையும் உண்டு. முருகன் சந்நிதிக்கு முன் மயிலைத்தானே காண்போம்? இங்கே நிற்பதோ யானை! இந்திரன் தன் ஐராவத யானையை முருகனுக்குக் காணிக்கையாக அளித்தான் என்று கூறுகிறார்கள்.

உடைத்தால்தான் பிறக்கும்

சுவாமிமலைத் தெருக்களில் உளியின் ஓசையும் அரத்தின் ஓசையும் கேட்கும் இடமெல்லாம் ஸ்தபதிகளின் பட்டறைகள். தாராசுரம் கோயில் வேலைக்காக வந்த சிற்பிகளின் வழித்தோன்றல்கள், காவிரியின் வண்டல் மண்ணைக் கண்டு இவ்வூரிலேயே தங்கிவிட்டார்கள் என்பது இங்கு வழங்கும் செய்தி. சுவாமிமலை உலோகச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

அங்கே ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் எங்களுக்கு வேலைமுறையைப் பொறுமையாக விளக்கினார். முதலில் எங்களைக் கவர்ந்தது அவருடைய அளவுகோல். அது மரத்தாலானதோ இரும்பாலானதோ அன்று. ஒரு தென்னை ஓலை நறுக்கு! செய்ய வேண்டிய சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று சிற்ப சாத்திரம் கூறும் விகிதங்கள் எல்லாம் அந்த ஓலையின் மடிப்புகளில் அடங்கி விடுகின்றன. வடிவியல் பெட்டி இல்லாமல் வடிவியல் நடக்கிறது!

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்து உருக்கிப் பக்குவப்படுத்தி, அதில் சிலையின் உருவத்தை முழுமையாகச் செய்கிறார்கள். பிறகு நைசான வண்டல் மண்ணைக் குழைத்து அதன் மேல் பூசுகிறார்கள். அது நிழலில் காய்ந்ததும் அடுத்த பூச்சு. அதன் பின் இன்னும் கனமான பூச்சு. கம்பி கட்டி இறுக்கி வறட்டித் தீயில் சூடேற்றினால் உள்ளிருக்கும் மெழுகு உருகித் துளை வழியே வெளியேறி விடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுத்து, உளியாலும் அரத்தாலும் நகாசு வேலை செய்கிறார்கள்.

"அச்சை உடைக்காமல் எடுக்க முடியாதா ஐயா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். பெரியவர் சிரித்துவிட்டு, "உடைத்தால்தானம்மா சாமி வெளியே வரும்" என்றார். மெழுகும் போய்விட்டது; அச்சும் போய்விட்டது. ஆகையால் இந்த முறையில் வார்த்த ஒரு சிலையைப் போலவே அச்சு அசலாக இன்னொன்று இருக்க முடியாது. ஒவ்வொன்றும் தனிப்பிறவி.

மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த, பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ள நடன மங்கையின் சிலையும் இம்முறையில் வார்க்கப்பட்டதுதான். டெல்லி பாரத மண்டபத்தின் முன், 2023-ஆம் ஆண்டு ஜி-20 மாநாட்டுக்காக நிறுவப்பட்ட நடராசர் சிலையும் இதே முறையில் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்ததே. அதன் உயரம் சுமார் 27 அடி. எடை சுமார் 18 டன். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக நெருப்பும் மெழுகும் மண்ணும் மாறவில்லை என்பது வியப்பன்றோ!

சிற்பிகள் அஞ்சிய சன்னல்

காவிரியைக் கடந்து தெற்கே சிறிது தூரம் வந்தால் திருவலஞ்சுழி. காவிரி வலமாகச் சுழித்துச் சென்றதால் வந்த பெயர் என்பர். இங்குள்ள வெள்ளைப் பிள்ளையாருக்கு நீரபிடேகம் கிடையாது. கடல் நுரையால் ஆனவர் என்ற நம்பிக்கையினால், கை படாமல் பச்சைக் கற்பூரப் பொடியை மட்டுமே தூவுகிறார்கள்.

எங்கள் கண்கள் தேடியதோ அங்குள்ள பலகணியை. பலகணி என்றால் சன்னல். கருங்கல்லைக் குடைந்து, மரத்தில் இழைத்தது போலவே நுட்பமாகச் செய்திருக்கிறார்கள். முற்காலத்தில் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும் சிற்பிகள், "ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவீழிமிழலை வௌவால் நெத்தி மண்டபம், திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை நீங்கலாக எதையும் செய்து தருவோம்" என்ற கருத்துப்பட எழுதிக் கொடுப்பார்களாம். கல்லில் எதையும் செய்ய வல்லவர்களே, 'இது மட்டும் எங்களால் ஆகாது' என்று வணங்கி ஒதுங்கிய வேலை, இப்பேருந்துச் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது.

காளையா? யானையா?

சுவாமிமலையில் நாங்கள் கண்ட ஐராவதம் தாராசுரத்தில் மீண்டும் எங்களை எதிர்கொண்டது. ஐராவதம் வழிபட்டதால் இங்கே இறைவன் ஐராவதேசுவரர் என்று பெயர் பெற்றார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த இக்கோயிலை யுனெஸ்கோ 2004-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. சக்கரங்களும் பாயும் குதிரைகளும் கொண்ட தேர் போன்றது இதன் முன்மண்டபம். அதை எல்லாரும் பார்க்கிறார்கள். நாங்கள் தேடிய சிற்பமோ உள்ளங்கை அகலத்தில் ஒளிந்திருந்தது.

இரண்டு உடல்கள், ஒரே தலை. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் தெரிவது காளை. மறு பக்கத்தை மறைத்தால் அதே தலை யானைத் தலையாகி விடுகிறது! பேரரசனின் ஆணையால் இதைச் செய்திருக்க மாட்டார்கள். வேலைக்கு நடுவே ஒரு சிற்பி, வருவோர் கண்டு மகிழட்டும் என்று விளையாட்டாகச் செதுக்கியிருக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியது.

நந்திக்கு அருகில் பலிபீடத்தை ஒட்டி இருக்கும் கற்படிகள் தட்டினால் வெவ்வேறு சுவரங்களை எழுப்பும். இன்று அவற்றைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு போடப்பட்டிருக்கிறது. தட்டிப் பார்க்க முடியவில்லையே என்று எங்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். "வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டுத் தட்டினால் கல் எத்தனை நாள் தாங்கும்?" என்று சிஸ்டர் கேட்டார்கள். எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த இசையை நாம் கேட்டுத் தீர்த்துவிடுவதா, வருங்காலத்தவருக்கு விட்டு வைப்பதா? எங்களிடம் மறுமொழி இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம்.

கல்லில் ஒரு நாதசுரம்

கும்பகோணத்தில் ஆதிகும்பேசுவரர் கோயிலில் இருப்பது இன்னுமொரு விந்தை. நாதசுரம் ஆச்சா மரத்தில் செய்யப்படுவது. இங்கே கல்லினாலேயே ஒரு நாதசுரம் இருக்கிறது! சீவாளியைப் பொருத்தி வாசிக்கத் தக்கது. கனமான கல்லில் நேரான துளையும் சரியான இடங்களில் விரல் துளைகளும் இடுவதற்கு எவ்வளவு கணக்கும் கைத்திறனும் வேண்டும்! துளை சிறிது பிசகினாலும் சுவரம் பிசகிவிடும் அல்லவா?

அதே ஊரில் நாகேசுவரன் கோயிலில் சித்திரை மாதத்தில் சில நாட்கள் காலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயில்களின் வழியே கருவறை வரை செல்கிறது. கட்டியவர்கள் வானத்தையும் அளந்திருக்கிறார்கள்.

பார்த்து வைப்பதே காத்து வைப்பது

இச்சிறு பொருள்களைப் பார்த்து என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறோம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலிலிருந்து நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் களவு போயின. களவு நடந்ததே உடனே தெரியவில்லை, 2008-இல்தான் வெளிப்பட்டது. அதற்குள் நடராசர் ஆஸ்திரேலியா சென்று, கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் விலை கொடுத்து வாங்கப்பட்டு நின்றிருந்தார். 'இவர் எங்கள் ஊரார்' என்று எப்படி மெய்ப்பிப்பது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே அக்கோயிலுக்குச் சென்று எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் துணைக்கு வந்தன. படத்திலும் சிலையிலும் ஒரே அடையாளங்கள்! 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் உற்றுப் பார்த்துப் பதிவு செய்து வைத்ததனால் அல்லவோ அவர் மீண்டு வந்தார்! ஒன்றை நன்கு அறிந்தவர் இருக்கும் இடத்திலிருந்து அதைத் திருடுவது கடினம். அறியாதவர் நடுவில் இருக்கும் பொருளுக்குப் பூட்டும் காவல் ஆகாது.

ஆகவே தோழிகளே, நம்மால் ஆகக் கூடியவை சில உண்டு. ஓர் அழகிய சிற்பத்தைக் கண்டால் அதன் மீது பெயரைக் கீறாமல், அதைப் பற்றி நம் குறிப்பேட்டில் எழுதுவோம். எண்ணெய்க் கையால் தடவாமல், பென்சிலால் வரைந்து பழகுவோம். எந்த ஊரில், எந்த மண்டபத்தில், எந்தத் தூணில் என்று நாள் குறித்து எழுதி வைப்போம். பெற்றோர்களும் விடுமுறை நாட்களில் ஒரு முறையேனும் பிள்ளைகளை அருகிலுள்ள பழைய இடங்களுக்கு அழைத்துச் சென்று, அவசரமின்றிக் காட்ட வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம். காவிரி வண்டலைக் காப்பதும் இதில் அடங்கும். ஆறு இல்லையேல் மண் இல்லை, மண் இல்லையேல் சிலையும் இல்லை.

சோழ மன்னர்களுக்குப் படையும் பொன்னும் இருந்தன. பெரிய கோயில்களை எழுப்பினார்கள். நமக்கு இருப்பவை இரண்டு கண்களும் ஒரு குறிப்பேடும். அவர்கள் விட்டுச் சென்றதை இழக்காமல் இருக்க இவையே போதும். கண் திறந்து பார்ப்போம், கண்டதைக் காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி