தார்க்குச்சி இல்லாமல் மாடு நகருமா? காளைகளை வதைக்காமல் பழக்கும் முறைகள்

"மாடுன்னா ரெண்டு குத்து குத்துனாத்தான் நகரும்." மாட்டு வண்டி ஓடும் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அதற்கென்றே ஒரு கருவியும் இருக்கிறது: தார்க்குச்சி. ஒரு கம்பு, அதன் நுனியில் சின்ன ஆணி. அதுவும் போதாவிட்டால் வாலை முறுக்குவார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி ரீல்ஸ் போடும் காளையின் பின்தொடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், வருஷம் முழுக்க வாங்கிய குத்துகளின் தழும்பு தெரியலாம்.

டிராக்டர் வந்த பிறகு இதெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது. மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் காளைகள் முதல், நம் ஊரில் மணல் வண்டி இழுக்கும் காளைகள் வரை இன்றும் பல குடும்பங்களின் தினசரி வருமானம் மாட்டின் கழுத்தில்தான் இருக்கிறது. அந்த மாட்டிடம் குத்தாமல், முறுக்காமல் வேலை வாங்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

மாடு உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறது?

விலங்குகளைப் பழக்குவதில் ஓர் அடிப்படை விதி உண்டு. லேசாக ஓர் அழுத்தம் கொடுக்க வேண்டும். விலங்கு சரியாகச் செய்த அந்த நொடியே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். மாட்டுக்குப் பாடம் புரிவது அழுத்தத்தில் அல்ல, அதை விடும் நேரத்தில்.

உதாரணத்துக்கு, கயிற்றை லேசாக இழுக்கிறீர்கள். கன்று ஓர் அடி முன்னே வைக்கிறது. உடனே கயிற்றைத் தளர்த்தினால், "ஓ, நடந்தால் விட்டுவிடுவார்கள்" என்று அது புரிந்துகொள்ளும். நடந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் அதற்கு எதுவும் புரியாது. நடந்தாலும் வலி, நின்றாலும் வலி.

தார்க்குச்சியில் இருக்கும் பிரச்சினையும் இதுதான். மாடு ஏற்கெனவே முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதும் குத்து விழுகிறது. அது கற்றுக்கொள்வது இழுப்பதை அல்ல, பின்னால் இருக்கும் ஆளிடமிருந்து தப்பிப்பதை. பயந்த மாடு மிரளும், பக்கவாட்டில் பாயும். மெயின் ரோட்டில் அது விபத்தாகவும் முடியலாம்.

எங்கே நிற்கிறோம் என்பதும் முக்கியம்

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 330 டிகிரி வரை பார்க்க முடியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென ஒரு குத்து வந்தால் மிரளாமல் என்ன செய்யும்?

கால்நடைகளின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் இதை எளிமையாக விளக்குகிறார். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. அதற்குள் ஆள் நுழைந்தால் மாடு விலகிப் போகும். ஆள் மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் வந்தால் அது முன்னே நகரும். தோள்பட்டைக்கு முன்னால் வந்தால் பின்வாங்கும். அதாவது, நிற்கும் இடத்தை மாற்றியே மாட்டை நகர்த்தலாம். நன்றாகப் பழகிய மாட்டுக்கு இந்த வட்டம் சுருங்கிக்கொண்டே போய், ஆள் தொட்டாலும் விலகாது. அதற்குப் பிறகு குரலும் லேசான தொடுதலும் போதும்.

மூக்கணாங்கயிறு இல்லாமல் ஓட்டுகிறார்களா?

ஆம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் காளைகளை மூக்கணாங்கயிறு இல்லாமல் ஓட்டும் வழக்கம் இன்றும் உண்டு. ஓட்டுபவர் இடப்பக்கம் கூடவே நடப்பார். 'ஜீ' என்றால் வலப்பக்கம், 'ஹா' என்றால் இடப்பக்கம், 'வோ' என்றால் நில். கையில் ஒரு மெல்லிய குச்சி இருக்கும். குத்துவதற்கு அல்ல, தொட்டுக் காட்டுவதற்கு. 4-ஹெச் என்ற இளையோர் அமைப்பில் பள்ளிப் பிள்ளைகள்கூட ஜோடிக் கன்றுகளை இப்படிப் பழக்குகிறார்கள்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. சீக்கிரம் ஆரம்பிக்கிறார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலும் காளை பல் போட்டு, உடம்பு பலம் வந்த பிறகுதான் நுகத்தடியைப் பார்க்கிறது. அதற்குள் அது மனிதரைவிடப் பல மடங்கு பலசாலி. கன்றாக இருக்கும்போதே தொடங்கினால் வரிசை இப்படிப் போகும்:

• முதலில் தலைக்கயிறு போட்டு நடக்க, நிற்கப் பழக்குவது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.
• சொல் முதலில், தொடுதல் அடுத்து. ஒரு வேலைக்கு ஒரே சொல்தான். இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாற்றினால் கன்று குழம்பும்.
• பிறகு சுமை இல்லாமல் சின்ன நுகத்தடி. அடுத்து ஒரு பழைய டயர் அல்லது லேசான கட்டை. கடைசியில் வெறும் வண்டி.
• சரியாகச் செய்ததும் அன்றைய பாடத்தை முடித்துவிடுவது. தவறு செய்த இடத்தில் நிறுத்தக் கூடாது.

பழகிய மாட்டோடு புது மாட்டைப் பூட்டி ஓட்டுவது நம் விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வழிதான். அதுவும் நல்ல முறையே. பழைய மாட்டின் நிதானம் புதிய மாட்டையும் அமைதிப்படுத்தும்.

'சண்டித்தனம்' என்பது வலியாகவும் இருக்கலாம்

மாடு நகர மறுத்தால் உடனே அடி விழுகிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கழுத்தை. நுகத்தடி மிகச் சிறிய இடத்தில்தான் கழுத்தைத் தொடுகிறது. மொத்த இழுவையும் அங்கேதான் விழுகிறது. மரம் சொரசொரப்பாக இருந்தால் தோல் உரிந்து புண்ணாகும். மேல்பரப்பை வழவழப்பாக இழைப்பது, மெத்தை வைப்பது, ஒரே உயரமுள்ள ஜோடியைப் பூட்டுவது ஆகிய மூன்றும் பெரிய செலவில்லாத தீர்வுகள்.

பாரம் ஏற்றும் விதமும் முக்கியம். இரண்டு சக்கர வண்டியில் முன்பக்கம் பாரம் கூடினால் எடை கழுத்தில் இறங்கும். பின்பக்கம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். பாரம் அச்சுக்கு மேல் சமமாக இருக்க வேண்டும். பெங்களூரு ஐ.ஐ.எம்.-இன் முதல் இயக்குநரான பேராசிரியர் என்.எஸ்.ராமசாமி, மாட்டு வண்டியையும் நுகத்தடியையும் மேம்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தியதற்கு இந்தக் கழுத்துப் புண்களும் ஒரு காரணம்.

தொடர்ந்து வேலை செய்யும்போது ஒரு காளை தன் உடல் எடையில் சுமார் 10 சதவீத அளவு விசையோடுதான் இழுக்க முடியும். மூச்சு வாங்குவது, வாயில் நுரை, நாக்கு வெளியே தொங்குவது, கால் தடுமாறுவது எல்லாம் களைப்பின் அறிகுறிகள். அந்த நேரத்தில் வேண்டியது குச்சி அல்ல, நிழலும் தண்ணீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இழுவை, சுமை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. முள், ஆணி உள்ள குச்சிக்கும் தடை. அதாவது, தார்க்குச்சி 60 ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்ட பொருள்.

பிறகு ஏன் நிற்கவில்லை? 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை வதைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு டீ, ஒரு வடை காசு. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு சட்டம் மட்டுமே எதையும் மாற்றிவிடாது.

ஏற்கெனவே அடிபட்டுப் பழகிய மாடு மாறுமா?

மாறும், ஆனால் நாளாகும். மாடுகள் தம்மிடம் கடுமையாக நடந்துகொண்டவரையும் மென்மையாக நடந்துகொண்டவரையும் பிரித்து அறிந்து, கடுமையானவரிடமிருந்து விலகி நிற்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே முதல் வேலை, ஆணியைப் பிடுங்கி எறிவது. அடுத்து, வேலை இல்லாத நேரத்திலும் அருகில் போய்த் தடவிக்கொடுப்பது, கையால் தீவனம் கொடுப்பது. கை வந்தால் வலி வரும் என்ற கணக்கை மாடு மெல்ல மெல்லத்தான் மறக்கும்.

வண்டிக்காரருக்கும் இதில் லாபம்தான். கழுத்துப் புண் ஆறும்வரை மாடு கொட்டகையில் நின்றால், அத்தனை நாள் கூலியும் போகும். சாலையில் புண்ணோடு வண்டி இழுக்கும் மாட்டைப் பார்த்தால் வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். மாட்டுக்கும் அவருக்கும் அது உதவும்.