மேனாட்டுப் பாடலும் நம் நெஞ்சமும்

சொற்பொருள் விளங்காத பாடலொன்றைக் கேட்டுக் கண் கலங்குவோர் உண்டு. அதற்குக் காரணம் யாதென வினவினால், விடை கூற இயலாது திகைப்பர். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வினா வெறும் ஆராய்ச்சிப் பொருள் அன்று. ஒரே இல்லத்தில் பாட்டனார் கீர்த்தனங்களைக் கேட்கிறார். தந்தையார் பழைய திரைப்பாடல்களை நாடுகிறார். மகளோ ஒலிக்கருவியைக் காதில் செருகிக்கொண்டு ஆங்கிலப் பாடலில் ஆழ்ந்து விடுகிறாள். “இதில் என்ன இருக்கிறது?” என்று ஒருவர் மற்றவரைப் பார்த்து வியக்கும்போது, மூன்று தலைமுறைகளுக்கு இடையே ஒரு கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. அதைத் திறக்க வழியுண்டா என்று காண்போம்.

மேனாட்டுப் பண் நம்மிடம் நேற்று வந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் கோஷ்டி வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியங்கள் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அவை சுமார் நாற்பது உள. அவற்றுள் ஒன்று, ஆங்கில அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் அமைந்தது. அரசரைப் பாடிய மெட்டு, தீட்சிதர் கையில் தெய்வத்தைப் பாடியது. அவர் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் கற்ற பிடில் கருவியோ, இன்று கர்நாடக இசைக் கச்சேரியில் நீங்காத துணையாகி விட்டது.

மலைநாட்டுக்கு இவ்விசை வேறொரு வழியாக வந்தது. இடுக்கி மாவட்டத்து மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை வளர்த்தவர்களில் பலர் ஸ்காட்லாந்து நாட்டவர். தோட்டத்தில் உழைத்தவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிச் சென்ற குடும்பத்தினர். 1911ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூணாற்றுக் கிறிஸ்து ஆலயத்தை அடுத்துள்ள கல்லறைத் தோட்டம், ஆலயத்தினும் பழமையானது. 1894இல் மறைந்த எலினார் நைட் என்னும் ஆங்கில மாதின் கல்லறை அங்கே உள்ளது. துரைமார் தம் ஊரை நினைந்து பாடிய அவ்வாலயத்தில் இன்று தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வழிபாடு நிகழ்கிறது. 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ப் என்னும் சிற்றூரில் முதன்முதல் பாடப்பெற்ற கிறிஸ்துமஸ் இரவுப் பாடல், தமிழ்ச் சொற்களைப் பூண்டு நம் ஆலயங்களிலும் ஒலிக்கிறது. அதை அயலார் பாடல் என்று அங்கே எவரும் எண்ணுவதில்லை.

இனி, இப்பாடல்கள் உள்ளத்தை உருக்கும் வகை எவ்வாறு என ஆராய்வோம். நம் இசை, ஒரு ராகத்தின் வழியே தனியொரு குரல் நெளிந்தும் குழைந்தும் செல்லும் நெறி. மேனாட்டிசையில் பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலித்து ஒன்றையொன்று தாங்கும். இதனை ஹார்மனி என்பர். அவர்களது மேஜர் ஸ்வர வரிசை நம் சங்கராபரணத்தை ஒத்தது. மைனர் வரிசையின் இயல்பான வடிவம் நடபைரவியை ஒத்தது. சோகப் பாடல்கள் பல மைனர் வரிசையில் அமைவதால், நம் செவிக்கும் அவை முற்றிலும் புதியன அல்ல.

ஓரிடத்தில் பாடகரின் ஸ்வரம், உடன் ஒலிக்கும் ஸ்வரங்களோடு சிறிது முரணி நிற்கும், நெஞ்சு தவிக்கும். மறுகணம் அது இசைந்த ஸ்வரத்தில் வந்து அமரும், நெஞ்சு ஆறும். இங்கிலாந்து நாட்டு உளநூல் அறிஞர் ஜான் ஸ்லோபோடா, 83 பேரை வினவி 1991இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீர் வரவழைத்த இசைப் பகுதிகளில் இத்தகைய சாய்வு ஸ்வரங்கள் மிகுந்திருக்கக் கண்டார். இசையால் மெய் சிலிர்க்கும்போது மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது என்பதைக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக அறிஞர்கள் 2011இல் காட்டினர். மகள் விரும்பிக் கேட்கும் அடெல் என்னும் ஆங்கிலப் பாடகியின் பிரிவுப் பாடலொன்றில் பியானோ அன்றி வேறு கருவி இல்லை. அதிலும் சாய்ந்து வந்து அமரும் ஸ்வரங்களே உருக்கத்துக்குக் காரணம் என்பாரும் உளர்.

எனினும் ஸ்வரம் மட்டும் பாடலாகி விடாது; அதன்பின் ஒரு வாழ்வு நிற்றல் வேண்டும். சில சான்றுகள் காண்போம்.

அயர்லாந்தின் பழைய மெட்டொன்றுக்குப் பிரெடரிக் வெதர்லி 1913இல் சொற்களைப் பொருத்தி வெளியிட்டது ‘டானி பாய்’. ஊரைவிட்டுச் செல்லும் மைந்தனுக்குப் பெற்றவர் கூறும் விடை என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்வர். வேலைக்காகக் கடல் கடந்தவர்கள் நிறைந்த நாட்டின் பாடல் அது. ரயிலேறி வந்த நமக்கு அதற்கு உரை வேண்டுவதில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப் பாடல் மரபில் தோன்றிய ஒரு கீதம், 1945இல் தெற்குக் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பாடப்பெற்றது. 1963இல் வாஷிங்டன் பேரணியில் மக்கள் திரள் அதைப் பாடிற்று. இந்திக் கவிஞர் கிரிஜா குமார் மாத்தூர் அதை இந்தியாக்கினார். வடநாட்டுப் பள்ளிகளில் பயிலும் உங்கள் குழந்தைகள் ‘ஹம் ஹோங்கே காமியாப்’ என்று பாடுவது அதுவே. வெற்றி உறுதி என்னும் பொருளை அம்மெட்டு ஆரவாரமின்றி, நிதானமான நடையில் உரைக்கிறது. அந்த நிதானமே அதன் வலிமை.

சென்ற தலைமுறையினர் இலங்கை வானொலியின் வாயிலாக மேனாட்டுப் பாடல்களைக் கேட்டனர். அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த ஜிம் ரீவ்ஸின் தாழ்ந்த, மென்மையான குரல் தென்னாட்டில் பலரைக் கவர்ந்தது. 1964இல் அவர் விமான விபத்தில் மாண்ட பின்னரும் அக்குரல் ஓயவில்லை. மறு ஆண்டில், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினரான பால் மெக்கார்ட்னி, 23 வயது நிறையுமுன், நான்கு தந்தி வாத்தியங்கள் உடன் ஒலிக்க, நேற்றைய நாளை எண்ணி ஏங்கும் ஒரு பாடலைப் பதிவு செய்தார். ஆரவார இசைக்குப் பெயர்பெற்ற குழுவினர், அடங்கிய குரலில் பாடி உலகை உருக்கினர்.

இவ்விரு இசை நெறிகளும் கலந்த இடத்தைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மலையின் இரு முனைகளையே நோக்கலாம். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்தவர் எம். எஸ். விஸ்வநாதன். அவரும் டி. கே. ராமமூர்த்தியும் இசையமைத்து 1964இல் வெளிவந்த ‘புதிய பறவை’யில், நிம்மதி இழந்த நாயகனின் துயரை ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி சூழ்ந்து நின்று பெருக்குகிறது. சொல் தமிழ், சூழும் அலை மேனாட்டது.

இடுக்கி மலைகளின் கீழ்ப்புறத்தே உள்ள பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. அவர் தமையனார் பாவலர் வரதராஜன், 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடியவர். இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றார். 1986இல் தியாகராஜரையும் ஜெர்மானிய மேதை பாக்கையும் போற்றி வாத்திய இசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் தம் சிம்பனியை அரங்கேற்றினார். துரைமார் மலைக்குக் கொணர்ந்த இசை, மலையடிவாரத்துத் தமிழரின் கையால் அவர்கள் தலைநகருக்கே திரும்பிச் சென்றது எனலாம்.

ஆகவே, அயல்நாட்டுப் பாடலுக்கு உருகும் பிள்ளை நம்மை விட்டு அகன்று விட்டான் என்று அஞ்ச வேண்டுவதில்லை. இளமையில் கேட்ட பாடலே முதுமை வரை நெஞ்சில் நிலைக்கும் என்பது உளநூலார் கண்ட உண்மை. பாட்டனாருக்குக் கீர்த்தனம் எதுவோ, அதுவே பேத்திக்கு அந்த ஆங்கிலப் பாட்டு. அஞ்ச வேண்டியது ஒன்றே: அவரவர் பாடலை அவரவர் செவிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும் பழக்கம்.

அதற்கு மருந்து எளியது. வாரத்தில் ஒரு மாலை, செவிக்கருவிகளை அகற்றிவிட்டு, குடும்பத்தார் ஆளுக்கு ஒரு பாடலை எல்லாரும் கேட்க ஒலிக்கச் செய்க. ‘புதிய பறவை’யின் பாடலை மகள் கேட்கட்டும், தந்தி வாத்தியங்களை அவள் தானே இனங்காண்பாள். அவள் பாடலைப் பாட்டனார் கேட்கட்டும். அதில் நடபைரவியின் சாயல் உண்டா என்று அவர் தேடுவார். பாடல் பிடித்ததா என்று உடனே வினவாமல், எந்த இடத்தில் நெஞ்சு அசைந்தது என்று கேளுங்கள். விடை சொல்லத் தொடங்குபவர் தம் வாழ்வையே சிறிது சொல்லத் தொடங்குவார்.