புதுப்பிக்கச் சொல்வது யார்?

2017ஆம் ஆண்டு கணிப்பொறி உலகுக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதல் பாடம் மே 12ஆம் தேதி வந்தது. 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்றது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை, அப்போது பராமரிப்பில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணிப்பொறிகளே மாட்டிக்கொண்டன.

இரண்டாம் பாடம் அக்டோபர் 24ஆம் தேதி. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் சில செய்தித் தளங்களுக்குள் கயவர்கள் இரகசியமாகத் தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். செய்தி படிக்க வந்தவர்களின் முன் ஒரு பெட்டி எழுந்தது: 'உங்கள் ஃப்ளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டது, புதுப்பியுங்கள்.' நம்பிப் பொத்தானை அழுத்தி, வந்த கோப்பையும் இயக்கியவர்களின் கணிப்பொறிகள் பூட்டப்பட்டன. 'பேட் ராபிட்' என்ற அந்த நிரல் அங்கிருந்து அலுவலக வலையிலிருந்த மற்றக் கணிப்பொறிகளுக்கும் தானாகப் பரவியது. கீவ் நகர மெட்ரோ இரயிலின் கட்டண முறையும் ஒடெஸா விமான நிலையமும் பாதிக்கப்பட்டன.

மே மாதத்தில் புதுப்பிக்காதவர்கள் ஏமாந்தார்கள். அக்டோபரில் புதுப்பிக்க முயன்றவர்கள் ஏமாந்தார்கள். அப்படியானால் புதுப்பிக்க வேண்டுமா, கூடாதா? இதற்கு விடை காண முதலில் வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: புதுப்பிக்கச் சொல்வது யார்?

சட்டமும் படமும்

சுவரில் மாட்டிய ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே மரச்சட்டம்; உள்ளே படம். பிரவுசர் எனப்படும் உலாவி அந்தச் சட்டம். அதில் தெரியும் இணையப் பக்கம் படம். முகவரிப் பட்டையும் பட்டியல் பொத்தான்களும் சட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கீழே உள்ள பரப்பில் எதை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளும் உரிமை பக்கத்துக்கு உண்டு.

பக்கம் வெறும் படம் மட்டுமன்று. அதற்குள் நிரலும் ஓடும். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அது எழுதப்பட்டிருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் நிரல் நம் கணிப்பொறியில் ஓடுவது ஆபத்தல்லவா? ஆகவே உலாவி அதை ஒரு வேலிக்குள் அடைத்தே ஓடவிடுகிறது. நீங்களாக எடுத்துக் கொடுத்தாலன்றி, உங்கள் கோப்புகளை அந்தப் பக்கத்தால் படிக்க முடியாது. கணிப்பொறியைச் சோதித்து நோய்நிரல் இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது.

எனவே 'உங்கள் கணிப்பொறியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன' என்று ஒரு பக்கம் சொன்னால், அந்த ஐந்து வெறுமனே வரையப்பட்ட எண். யார் வந்தாலும் அது ஐந்துதான்!

'ஆனால் நான் எந்த உலாவி வைத்திருக்கிறேன் என்பதைச் சரியாகச் சொல்கிறதே?' என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு தளத்துக்குப் போகும்போதும் உலாவி தன் பெயரையும் பதிப்பையும் தானே அறிவிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு, பொருத்தமான சின்னத்தை வரைந்து காட்டுவது மிக எளிது.

ஒரு சோதனை

எந்தத் தொல்லையும் இல்லாத ஒரு செய்தித்தாளின் தளத்தைக் கணிப்பொறியில் திறந்து, 'சந்தா சேருங்கள்' என்பது போன்ற பெட்டி ஏதேனும் தோன்றும்வரை காத்திருங்கள். இப்போது உலாவியின் விண்டோவைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குங்கள். அதை ஓரமாக நகர்த்துங்கள். பெட்டியும் கூடவே நகரும். பக்கத்தின் எல்லையைத் தாண்டி ஒருபோதும் வெளியே வராது. அது படத்தின் பகுதி என்பதற்கு இதுவே சான்று. போலிப் பெட்டியும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறிகூட வரையப்பட்டதுதான். அதையும் அழுத்த வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்ற கேள்விக்கு எப்போதோ சம்மதித்திருந்தால், அந்தத் தளத்தின் செய்திகள் திரையின் ஓரத்தில், பக்கத்துக்கு வெளியேயும் எழும். உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதியை நீக்கிவிடலாம்.

உலாவி ஏன் உறைந்துபோகிறது?

போலிப் பெட்டியோடு சில சமயம் உலாவியும் அசையாமல் நின்றுவிடும். உடனே, 'நிஜமாகவே வைரஸ்தான்!' என்று நெஞ்சு படபடக்கும். ஏமாற்றுபவர்கள் விரும்புவதும் அதைத்தான்.

நடப்பது என்ன? ஒரே ஒரு எழுத்தர் இருக்கும் பயணச்சீட்டு நிலையத்தைக் கற்பனை செய்யுங்கள். முதலில் நிற்பவர் முடிவில்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால், வரிசை நகருமா? ஒரு பக்கத்தின் நிரலும் பொதுவாக ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்ததை எடுக்கும். முடிவே இல்லாத சுழற்சி ஒன்றை அதில் எழுதி வைத்தால், உங்கள் சொடுக்குகள் எல்லாம் வரிசையில் காத்துக் கிடக்கும். கணிப்பொறி கெட்டுப்போகவில்லை, ஓயாமல் வீண் வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவே. நேர்மையான பக்கம்கூட நிரல் பிழையாலோ, நினைவகம் போதாமலோ இப்படி உறைவதுண்டு.

முற்காலத்தில் ஒரு பக்கம் வீழ்ந்தால் உலாவி முழுவதும் வீழும். 2008இல் வெளிவந்த குரோம் உலாவி, பக்கங்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து ஓட்டியது. வீட்டில் அறைக்கொரு ஃபியூஸ் வைப்பது போன்ற ஏற்பாடு இது. மற்ற உலாவிகளும் பின்னர் இவ்வழிக்கு வந்தன.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

1. பெட்டிக்குள் எதையும் அழுத்தாதீர்கள். அதில் உள்ள தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். திரை முழுவதையும் அது மறைத்திருந்தால் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பிறகு அந்தப் பக்கத்தை மூடுங்கள்.

2. மூட முடியாவிட்டால், விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் உலாவியைத் தேர்ந்து அதன் ஓட்டத்தை நிறுத்துங்கள். கைபேசியில், அண்மையில் திறந்த செயலிகளின் வரிசையிலிருந்து உலாவியைத் தள்ளிவிடுங்கள்.

3. மீண்டும் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா?' என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

4. ஏதேனும் கோப்பு இறங்கியிருந்தால், இயக்காமல் அழித்துவிடுங்கள்.

5. இயக்கிவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். திட்டுவார்களே என்று மறைக்காமல் வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். நம்பகமான தடுப்பு நிரலால் சோதியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.

உண்மையானது எப்படி வரும்?

உலாவிக்கான புதுப்பிப்பு, சட்டத்தின் வழியாகவே வரும். குரோமில் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, உதவிப் பகுதியில் 'குரோமைப் பற்றி' என்பதைத் திறந்தால், அது தானே சரிபார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். கைபேசியில் செயலிக் கடைக்குள் சென்று பாருங்கள்.

அவ்வழியில் வரும் புதுப்பிப்பில் ஓர் எண்ணிமக் கையொப்பம் இருக்கும். இத்தகைய கையொப்பத்துக்கு ஒரு நடைமுறை வழியை 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் கண்டனர். தயாரித்தவர் தம்மிடம் மட்டுமே உள்ள இரகசிய எண்ணால் கையொப்பமிடுவார். அதற்கு இணையான பொது எண்ணைக் கொண்டு யாரும் அதைச் சரிபார்க்கலாம். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

ஃப்ளாஷ் பிளேயரோ 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. அதைப் புதுப்பிக்கச் சொல்லி இன்று ஒரு பெட்டி எழுந்தால், வேறு ஆராய்ச்சியே வேண்டாம்!

இப்போது அந்த இரண்டு பாடங்களும் ஒன்றாகிவிட்டன அல்லவா? பக்கம் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிறகு நீங்களாகவே பட்டியலைத் திறந்து பாருங்கள். போலிக்குப் பயந்து உண்மையான புதுப்பிப்பையும் ஒதுக்கினால், அக்டோபரில் தப்பியவர் மே மாதத்தில் மாட்டிக்கொள்வார். இன்று மாலையே உங்கள் உலாவியைச் சரிபாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைபேசியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.